பழக்கமும் இலக்கிய ஏற்பும்

ஈழத்துப் புனைகதைகளிற் பேச்சு வழக்கைக் காணும் வாசகர் எவரும் இன்று திடுக்கிடுவதில்லை. யாழ்ப்பாணத்து, மட்டக்களப்பு, மலையக வழக்குகள் இலக்கியத்தின் இயல்பான கூறுகளாகிவிட்டன. ஆனால் 1960களின் முற்பகுதியில் நிலைமை வேறாயிருந்தது. இவ்வழக்கைக் கையாண்ட ஆக்கங்களை ‘இழிசனர் இலக்கியம்’ எனப் பண்டித மரபினர் இகழ்ந்தனர். மரபு பற்றிய பெரும் விவாதமும் மூண்டது. அன்று இகழப்பட்டது இன்று ஏற்கப்படுவதற்குக் காரணம் யாது? ‘வாசகர் பழகிவிட்டனர்’ என்று கூறி அமைவோர் உளர். இவ்விளக்கம் எத்துணை பொருந்தும் என்பதை இங்கு நோக்குவோம்.

பழக்கத்தின் ஆற்றலை உளவியலார் மறுப்பதில்லை. ரொபேட் சயொன்ஸ் என்னும் உளவியலாளர் 1968இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையிற் புகழ் பெற்றது. துருக்கி மொழிச் சொற்கள் போன்று ஒலிக்கும் போலிச் சொற்களையும் சீன எழுத்துக்களை ஒத்த வடிவங்களையும் அவர் மாணவர்க்குக் காட்டினார். சில ஓரிரு முறையும் சில 25 முறையும் காட்டப்பட்டன. கூடுதலான முறை கண்டவற்றையே மாணவர் நற்பொருள் உடையனவாகக் கருதினர். காரணம் கூறாமலே, காட்சி மட்டுமே விருப்பை வளர்த்தது.

இதற்கு மாறான கருத்தொன்றை ருசிய உருவவாதியான விக்டர் ஷ்க்லொவ்ஸ்கி 1917இலேயே முன்வைத்திருந்தார். மீண்டும் மீண்டும் காணும் பொருளை நாம் உண்மையிற் காண்பதேயில்லை. பழக்கம் அதனை விழுங்கிவிடுகிறது. கலையின் பணி அப்பொருளை மீளவும் புதிதாகக் காணச்செய்வதே என்பது அவர் வாதம். குதிரையொன்று கதை சொல்லும் தோல்ஸ்தோயின் ஆக்கத்தை அவர் சான்றாகக் காட்டினார். ‘என்னுடையது’ என மனிதர் உரிமை கொண்டாடுவது அக்குதிரைக்கு விளங்குவதில்லை. அவ்வாறு, தனியுடைமை என்னும் அன்றாட வழக்கம் அங்கு விசித்திரமாகிவிடுகிறது.

இவ்விரு கருத்துக்களும் மேலோட்டமாகவே முரண்படுகின்றன. சயொன்ஸ் காட்டிய சொற்கள் அம்மாணவர்க்குப் பொருளற்றவை. எனவே வெறுப்பதற்குரிய காரணமும் அவற்றில் இருக்கவில்லை. ஷ்க்லொவ்ஸ்கி பேசுவதோ பொருளுள்ள உலகைப் பற்றியது. பழக்கம் எதிர்ப்பைத் தணிக்கிறது. அதே வேளை கவனத்தையும் மழுக்குகிறது. இவை ஒரே செயலின் இரு முகங்கள் என்றே கொள்ளல் வேண்டும்.

இனி ஈழத்து வழக்குக்கு வருவோம். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் ‘நானாடகம்’ 1940இல் வெளிவந்தது. யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் அமைந்த அவருடைய நாடகங்களைப் பல்கலைக்கழக மாணவர் மேடையேற்றினர். அவை ‘இழிசனர் இலக்கியம்’ என்னும் பெயரைப் பெறவில்லை. இருபது ஆண்டுகளின் பின்னர், டொமினிக் ஜீவா, கே. டானியல் முதலியோர் ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சை அச்சேற்றியபோதே கண்டனம் உக்கிரமடைந்தது. கண்டித்தோரும் தம் வீடுகளிற் பேச்சுத் தமிழையே பேசினர். ஆகவே அவர்களை உறுத்தியது வழக்கின் புதுமை அன்று. அதனைப் பேசியவர் யார் என்பதே. நாடகத்துக்கும் புனைகதைக்கும் வேறுபாடு உண்டெனினும், அவ்வேறுபாடு மட்டும் அச்சினத்தை விளக்கமாட்டாது.

சமூக வரலாறும் இதையே உணர்த்துகிறது. தேநீர்க் கடைகளில் வேறு பாத்திரமும் மூடிய கோயிற் கதவும் தலைமுறைகளாகக் கண்ணுக்குப் பழகியவை. அப்பழக்கம் அநீதியை இயல்பாக்கியதேயன்றி அகற்றவில்லை. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்த பின்னரும் அவை நீடித்தன. 1966 ஒக்டோபர் 21இன் எழுச்சியும் 1968இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமும் வேண்டியிருந்தன. இலக்கியத்திலும் இதுவே நடந்தது. எழுத்தாளரின் ஓயாத ஆக்கமும் விமர்சகரின் வாதமும் முதலில் இடத்தைப் பெற்றுக்கொடுத்தன. பழக்கம் பின்னரே வந்து அவ்விடத்தை உறுதிப்படுத்தியது. பழக்கத்தை முதற்காரணமாக்குவது போராடியோரை வரலாற்றினின்று நீக்குவதாகும்.

வெற்றி பெற்ற இலக்கியம் எதிர்நோக்கும் ஆபத்தையும் நாம் மறத்தலாகாது. மறுக்கப்பட்ட குவளை, கிணற்றடி அவமானம் முதலிய காட்சிகள் பல கதைகளில் ஒரே அச்சில் வார்க்கப்பட்டுள்ளன. வாசகர் அனுதாபத்துடன் தலையசைத்து அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார். 2009 வரை நீடித்த போரைப் பற்றிய எழுத்துக்களிலும் இதே நிலை உருவாகி வருகிறது. இடப்பெயர்வும் காணாமலாக்கப்பட்டோரின் படமும் முன்கூட்டியே அறியப்பட்ட உருவங்களாகிவிடின், துயரம் இலக்கியத்துள் இடம்பெறும். ஆனால் எவரையும் கேள்வி கேட்காது. பார்வையாளர் கதையுள் மயங்காது வினவவேண்டும் என்பதற்காகப் பிரெக்ட் அரங்கிற் கையாண்ட உத்திகள் இவ்வாபத்தை உணர்ந்தே தோன்றின.

புதிய சொற்களைப் புகுத்தினால் மட்டும் இது தீராது, உத்திகளும் பழகிப்போகும். நிகழ்ச்சியை மாத்திரம் காட்டாது, அதனைச் சாத்தியமாக்கும் நில உறவு, தொழில், அதிகாரம் ஆகியவற்றின் இயக்கத்தையும் காட்டும் ஆக்கமே வாசகரின் பழக்கத்தைக் கலைக்கவல்லது. டானியலின் ‘பஞ்சமர்’ போன்ற நாவல்களை மதிப்பிடுகையில் இவ்வளவுகோலையே நாம் கைக்கொள்ளல் வேண்டும். எனவே, ஓர் ஆக்கம் ஏற்கப்பட்டதா என்பதோடு விமர்சனத்தின் கடமை முடிவதில்லை. அவ்வேற்பினால் எதனைக் காணாது விட்டோம் என வினவுவதும் அதன் கடமை என்பதே எமது துணிபு.