கண்ணாடியும் வெள்ளைப் புகையும்

விண்டோஸ் விஸ்டா 2007-இல் வந்தபோது எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தது அதன் ஏரோ கண்ணாடியைத்தான். விண்டோவின் மேல்பட்டை வழியாகப் பின்னால் இருப்பது மங்கலாகத் தெரியும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டையில் ஃபைலின் பெயர் இருக்குமே, அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு புகை படர்ந்திருக்கும், கவனிச்சிருக்கீங்களா? அது அலங்காரம் இல்லை. பின்னால் கறுப்பாக ஏதாவது வந்துவிட்டால் பெயரை வாசிக்க முடியாது. அதற்காகப் போட்ட ஒட்டு. முதலில் எல்லாம் தெரிகிற மாதிரி செய்தார்கள், பிறகு எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் அடைத்தார்கள். விண்டோவை முழுத் திரைக்குப் பெரிதாக்கினாலோ கண்ணாடியே கறுத்துப் போகும். இதை ஓட்ட ஒரு ஜிபி ரேமும் 128 எம்பி கிராஃபிக்ஸ் மெமரியும் வேண்டும் என்றார்கள்.

விண்டோஸ் 2000-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஒரே சாம்பல். ஆனால் அந்தச் சாம்பலில் ஒரு கோடுகூட வெட்டியாக இல்லை. பட்டனின் மேல், இடது ஓரம் வெள்ளை. கீழ், வலது ஓரம் கறுப்பு. அதனால் மேடாகத் தெரியும், அமுக்கலாம் என்று கண்ணே சொல்லிவிடும். டைப் செய்ய வேண்டிய பெட்டி மட்டும் பள்ளமாக இருக்கும். எந்த விண்டோவில் வேலை நடக்கிறதோ அதன் தலைப்பட்டை நீலம், மற்றவை சாம்பல். (நீலத்தில் ஒரு சாயல் மாற்றம் உண்டு. அது சும்மா அழகுக்குத்தான், போகட்டும்.)

அப்போ பளபளப்பு கெட்டது, எளிமை நல்லது என்று முடித்துவிடலாமா? முடியாது. 2012-இல் விண்டோஸ் 8 கண்ணாடியைத் தூக்கி எறிந்தது; எளிமை என்ற பெயரில் மேடு பள்ளத்தையும், டாஸ்க்பாரிலிருந்து ஸ்டார்ட் பட்டனையும் சேர்த்தே எறிந்தது. திரையின் மூலைக்கு மவுஸைக் கொண்டுபோனால்தான் அது எட்டிப் பார்க்கும். மூலையில் எதுவோ இருக்கிறது என்று புதுசாக உட்காருகிறவருக்கு யார் சொல்வது? அடுத்த ஆண்டே 8.1-இல் பட்டன் திரும்பி வந்தது. 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-இல் எல்லாத் தலைப்பட்டையும் வெள்ளை. நவம்பர் அப்டேட்டில் நிறம் திரும்ப வந்தது. ஆப்பிளும் சளைத்ததில்லை. 2011-இல் லயன் வந்தபோது ஸ்க்ரோல்பாரையே ஒளித்துவைத்தது. பக்கம் இன்னும் நீள்கிறதா, முடிந்துவிட்டதா என்பதை உருட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பார்க்க எளிமையாக இருப்பது வேறு, பயன்படுத்த எளிமையாக இருப்பது வேறு. வடிவமைப்பாளர் காட்டும் ஸ்க்ரீன்ஷாட்டில் முதலாவது மட்டும்தான் தெரியும்.

நகாசு வேலை எல்லாமே வீண் என்றும் சொல்ல மாட்டேன். மேக்கில் விண்டோவைச் சுருக்கினால் அது பூதம் குப்பிக்குள் போகிற மாதிரி நெளிந்து டாக்கில் இறங்கும். முதல்முறை பார்க்கிறவருக்கு அது வேடிக்கை. ஆனால் விண்டோ எங்கே போனது, எங்கிருந்து திரும்ப எடுக்கலாம் என்ற பதிலும் அதிலேயே இருக்கிறது. சரியான இடத்தில் போட்ட நகாசு.

2025 செப்டம்பரில் மேக்ஓஎஸ் டஹோ, லிக்விட் கிளாஸ் என்று மறுபடியும் கண்ணாடியைக் கொண்டுவந்தது. இரண்டே மாதத்தில் 26.1 வந்தது, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் மங்கலாக்கிக்கொள்ள ஒரு வசதியோடு. விஸ்டாவின் வெள்ளைப் புகையாவது தானாகவே வரும். இதை செட்டிங்ஸுக்குள் தேடிப் போய்த்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.