பொழுது போகாமல்

என் சிறுகதை ஒன்றில் ஒரு வாக்கியம் வருகிறது. கதாநாயகன் பெண் பார்க்கப் போகிறான். பெண்ணின் தமக்கை ஜன்னலோரம் உட்கார்ந்து ‘பொழுது போகாமல் லேஸ் பின்னிக் கொண்டிருந்தாள்’. இதை எழுத எனக்கு அரை நிமிஷங்கூட ஆகியிராது. பத்திரிகாசிரியர் அதில் கை வைக்கவில்லை. வாசகர்களும் ஒன்றும் சொல்லவில்லை. என் அக்கா மட்டும் படித்துவிட்டு, “ஏண்டா, பொழுது போகாமலா பின்னுகிறோம்?” என்று கேட்டாள்.

அப்போது எங்கள் கூடத்து ஜன்னலுக்கு அவள் குரோஷாத் திரை ஒன்று பின்னி முடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் ‘பேஷ், நன்றாயிருக்கிறது’ என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். கதையை விமர்சிக்கிறோம், கச்சேரியை விமர்சிக்கிறோம், சாம்பாரைக்கூட விமர்சிக்கிறோம். ஜன்னல் திரையை யாரும் விமர்சிப்பதில்லை. பார்க்காமலே பாராட்டிவிடுகிறோம். ஒரு நூலை மதிப்பிடுவதுபோல இந்த நூல்வேலையையும் மதிப்பிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

முதலில் கணக்கு. இந்த வகைப் பின்னலில் எல்லாம் சதுரம். தூண்போல நிற்கும் ஒரு நெட்டைத் தையல், பக்கத்தில் இரண்டு சங்கிலித் தையல். அது ஒரு வெற்றுக் கட்டம். சங்கிலி வரவேண்டிய இடத்திலும் தூண்களையே போட்டால் அது நிறைந்த கட்டம். வெற்றுக் கட்டம் வெளிச்சம். நிறைந்த கட்டம் உருவம். அவ்வளவுதான் இலக்கணம். எங்கள் திரை மூன்றடி அகலம், இரண்டடி உயரம். அங்குலத்துக்கு ஐந்து கட்டம் வீதம் அகலத்தில் 180, உயரத்தில் 120. ஆக 21,600 கட்டங்கள். கட்டத்துக்கு மூன்று தையல் என்றால் 64,800 தையல்கள். மத்தியானம் சமையலறையை ஒழித்துப் போட்ட பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரத்தில், எண்ணிக்கை தவறிய இடங்களைப் பிரித்துப் பிரித்துப் போட்டு, இரண்டரை மாதத்தில் முடித்தாள். என் அரை நிமிஷ வாக்கியத்துக்கு எதிரே இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

இனி ரசனை. திரையின் வேலை மறைப்பது. குரோஷாத் திரையோ பாதிதான் மறைக்கும். பகலில் வெளியே வெளிச்சம், உள்ளே நிழல்; தெருவை நாம் பார்க்கலாம், தெரு நம்மைப் பார்க்க முடியாது. உருவமும் பின்னாலிருந்து வரும் வெயிலில் துலங்கும். விளக்கு ஏற்றியதும் நியாயம் தலைகீழாகிவிடும். நாங்கள் சாப்பிடுவதும் சண்டை போடுவதும் தெருவுக்குக் காட்சி. அதனால் மாலை ஆறு மணிக்குப் பின் ஒரு சாதாரணத் துணித் திரையை இழுத்துவிட வேண்டியிருக்கிறது. துவைத்தால் தன் பாரத்தாலேயே தொய்கிறது. கஞ்சி போட்டு, இழுத்து, குண்டூசி குத்திக் காயவைக்கவேண்டும். இவை குறைகள்.

ஆனால் பெரிய விஷயம் சித்திரம். மாதிரிப் புத்தகங்களில் அன்னப் பறவை, திராட்சைக் கொடி, ரோஜாக் கூடை என்றுதான் இருக்கும். நாம் வளர்க்காத திராட்சை, நம் ஊர்க் குளத்தில் நீந்தாத அன்னம். இந்தச் சரக்கு வந்த வழி சுவாரஸ்யமானது. 1846-ல் ஜான் லிவ்ஸி என்பவர் லேஸ் திரை நெய்யும் இயந்திரம் ஒன்றுக்கு உரிமை பெற்றார். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்து ஆலைகள் நடுத்தரக் குடும்பங்களின் ஜன்னல்களையெல்லாம் லேஸினால் மூடின. அதே காலத்தில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம். அங்கே எத்தனையோ குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது பெண்கள் கையிலிருந்த இந்தக் கொக்கி ஊசி. இயந்திரத்தில் எத்தனையோ லேஸ் வந்துவிட்டது. அசல் குரோஷாவை மட்டும் இன்றுவரை இயந்திரம் பின்னவில்லை. கை ஒன்றுதான் பின்னுகிறது.

அக்கா திராட்சையைத் தள்ளிவிட்டாள். கணக்கு நோட்டில் கட்டம் கட்டமாகப் பென்சிலால் நிரப்பி, புள்ளிக் கோலத்துக் கிளிகள் இரண்டை எதிரெதிரே உட்கார்த்தினாள். கோலமும் இதுவும் சகோதரிகள்தாம். இரண்டும் எண்ணிக்கையில் பிறக்கின்றன. ஆனால் கோலத்துக்கு வளைவு உண்டு, கட்டத்துக்குக் கிடையாது. சதுரங்களைப் படிக்கட்டாக அடுக்கித்தான் வளைவைச் சொல்லவேண்டும். வாலும் இறக்கையும் பிரமாதமாக வந்துவிட்டன. மூக்கு வரவில்லை. கிளி மூக்கு வளைய மறுத்துக் காக்கை மூக்காக நீண்டுவிட்டது. கடன் வாங்கிய அன்னம் பிழையில்லாமல் வந்திருக்கும். எனக்கு இந்தக் காக்கை மூக்குக் கிளிதான் உயர்வாகப் படுகிறது. அதில் ஒருத்தி யோசித்தது தெரிகிறது.

இந்த எண்ணத்தோடு இருந்தபோதுதான் மரியா மீஸ் என்ற ஜெர்மன் அம்மையாரின் புத்தகம் கைக்கு வந்தது. 1982-ல் வெளியானது. ஆந்திராவில் மேற்குக் கோதாவரி மாவட்டத்து நரசாபுரத்தில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றியது. 19-ஆம் நூற்றாண்டில் பாதிரிமார் கொண்டுவந்த கைவேலை அது. இன்று கடல் கடந்து விற்பனையாகிறது. 2024-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அம்மையார் போய்ப் பார்த்தபோது கண்டது என்ன? பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து நாள் முழுவதும் பின்னுகிறார்கள். ஒருத்தி பூ மட்டும் பின்னுகிறாள், இன்னொருத்தி பூக்களை இணைக்கிறாள், தரகர் வாங்கிப் போகிறார், ஏற்றுமதியாளர் சம்பாதிக்கிறார். பூ பின்னியவள் முழுத் துணியைப் பார்க்காமலே போகலாம். அவளுக்குக் கிடைக்கும் கூலியோ, வயலில் இறங்கும் பெண்ணுக்குச் சட்டம் விதித்த கூலிக்கு வெகு கீழே. ஏன்? அவள் தொழிலாளி அல்லவாம், இல்லத்தரசியாம். ஓய்வு நேரத்தில் பின்னுகிறாளாம்.

அதாவது, பொழுது போகாமல்.

என் வாக்கியம் அங்கே ஒரு வியாபாரத்தின் அஸ்திவாரமாக இருப்பதைக் கண்டு திடுக்கிட்டேன். நான் அலட்சியத்தால் எழுதியதை அங்கே கணக்குப் பிள்ளைகள் லாபத்துக்காக எழுதியிருக்கிறார்கள். சொல் ஒன்றுதான்.

அம்மையாரின் புத்தகம் உழைப்பின் புத்தகம். அழகின் புத்தகம் அல்ல. மணிகளையும் காசையும் எண்ணுகிறது. எந்தக் கை எந்தப் பூவை எப்படி மாற்றிப் பின்னியது என்று அதில் தேடக்கூடாது. அதற்காக அதைக் குறை சொல்ல நான் யார்? நம் கதைகள் இரண்டில் ஒன்றைக்கூடச் செய்யவில்லையே! ஜன்னலோரம் ஊசியும் நூலுமாகப் பெண்ணை உட்கார்த்திவிட்டு, அவள் சாந்த சொரூபி என்று வாசகர் புரிந்துகொள்ளும்படி விட்டுவிடுகிறோம். நாற்காலி, பூந்தொட்டி, பின்னும் பெண், அறை நிரம்பிவிடுகிறது. அவள் என்ன பின்னுகிறாள், எத்தனையாவது வரிசை, பக்கத்து வீட்டுக்கு விற்கவா, கல்யாணச் சீருக்கா, ஒரு வார்த்தை கிடையாது.

கதை எழுதுகிறவர்கள் மட்டுமா இப்படி? கால்டுவெல் என்றால் 1856-ல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் நம் நினைவுக்கு வரும். அவருடைய மனைவி எலிசா, நாகர்கோவிலில் லேஸ் கற்றுக்கொடுத்த மார்த்தா மால்ட் அம்மையாரின் மகள். இடையன்குடிப் பெண்களுக்கு அந்த வேலையைக் கொண்டுபோனவர். அது குரோஷா அல்ல, தலையணைமேல் குச்சிகளை உருட்டிப் பின்னும் வகை. எத்தனையோ வீடுகளில் உலை கொதிக்க உதவிய வேலை. இலக்கணத்தைப் படித்தவர்களில் எத்தனை பேர் லேஸை அறிவோம்? நானும் வெகு காலம் அறியாதவன்தான்.

கதைத் தொகுதி மறுபதிப்பு வந்தபோது அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன். இப்போது அந்தத் தமக்கை உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே பின்னுகிறாள். மாப்பிள்ளை வணக்கம் சொன்னதும் எண்ணிக்கை தவறி, ஒரு வரிசையைப் பிரிக்கிறாள். கதைக்கே அதனால் கொஞ்சம் உயிர் வந்தது என்று நினைக்கிறேன்.

புத்தகத்தை அக்காவிடம் கொடுத்தேன். படித்தாள். “பரவாயில்லை. கிளி மூக்கைப் பற்றி எங்கும் எழுதி வைக்காமல் விட்டாயே, அதுவரைக்கும் சந்தோஷம்” என்றாள்.

இதோ, அதையும் எழுதிவிட்டேன்.