பன்மூல அமிலம்: ஒரு சொல்லாய்வு

காரைதீவில் 1892ஆம் ஆண்டு தோன்றிய சுவாமி விபுலாநந்தர், தமிழறிஞராக மட்டுமன்றி இரசாயன ஆசிரியராகவும் விளங்கியவர். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். கலைச்சொல் பொருளை விளக்குவதாக அமைதல் வேண்டும், மயக்குவதாதல் ஆகாது. இவ்வளவுகோல்கொண்டு ‘பன்மூல அமிலம்’ என்னும் வழக்கை ஆராய்தல் தகும்.

தமிழகத்தார் ‘காரம்’ என்பதை ஈழத்து நூல்கள் ‘மூலம்’ என்கின்றன. சல்பூரிக்கமிலம் ஒரு மூலக்கூறு, சோடியமைதரொட்சைட்டு இரண்டினால் நடுநிலையாதலின் ‘இருமூல அமிலம்’ எனப்பட்டது. ஆயின், கல்சியமைதரொட்சைட்டு ஒன்றே அதற்குப் போதுமன்றோ? எதிர்ப்படும் மூலத்துக்கேற்ப எண் மாறுமாயின், அவ்வெண் அமிலத்தின் இயல்பைக் குறித்ததாகாது. அன்றியும், ‘மூலம்’ என்றதும் தோற்றுவாய் என்னும் பொதுப்பொருளே மாணவன் உள்ளத்தில் முந்தி நிற்கும்.

1923இல் புரோன்ஸ்டெட், லோரி என்போர் அமிலத்தைப் புரோத்தன் வழங்கியெனத் தனித்தனியே வரையறுத்தனர். அதனைத் தழுவிய ‘பல்புரோத்தன் அமிலம்’ என்னும் சொல் அமிலத்தின் இயல்பையே எண்ணுகின்றது. ஆதலின் அதுவே சிறந்தது.

எனினும், அதுவும் குறையற்றதன்று. அசற்றிக்கமிலத்தில் ஐதரசன் நான்கு, வழங்கப்படுவது ஒன்றே. பொசுபரசமிலத்தில் மூன்று; ஒட்சிசனோடு பிணைந்த இரண்டே நீங்குவன, பொசுபரசோடு நேரே பிணைந்தது நீங்காது. சூத்திரத்தைக் கண்டு ஐதரசனை எண்ணும் மாணவன் இங்கு வழுவுவான். எனவே ‘பல்புரோத்தன்’ என்பதற்கு, ‘உள்ளவை பல’ என்றன்றி, ‘வழங்கத்தக்கவை பல’ என்றே ஆசிரியர் பொருள் உரைத்தல் வேண்டும். சொல்லைத் திருத்துவதோடு அதன் பொருளெல்லையையும் வகுப்பதே கலைச்சொற்பணியின் நிறைவாகும்.