அளவுகோலும் ஆட்டமும்: ஐரோப்பிய உதைபந்தாட்டத் தரவரிசை பற்றிய ஒரு நோக்கு

ஆட்டத்தின் முடிவை ஆடுகளத்தில் இறங்கும் பதினொருவர் நிர்ணயிக்கின்றனர். ஆடுகளத்தில் இறங்கும் உரிமையை நிர்ணயிப்பது எது என்னும் வினாவோ அரிதாகவே எழுப்பப்படுகிறது. ஐரோப்பியக் கிண்ணம் நெடுங்காலமாக நாட்டுச் சம்பியன்களுக்கும் முந்திய ஆண்டின் வெற்றியாளருக்குமே உரியதாயிருந்தது. 1997இல் இரண்டாமிடக் கழகங்கள் சிலவற்றுக்கும் வாயில் திறக்கப்பட்டது. 2024இலிருந்து சம்பியன்ஸ் லீக்கின் பிரதான கட்டத்தில் 36 கழகங்கள் ஆடுகின்றன. தரவரிசையின் முதல் நான்கு நாடுகளுக்கு நான்கு இடங்கள் வீதம் உரியன.

அத்தரவரிசையின் கணக்கு எளிது. வெற்றிக்கு 2 புள்ளிகள்; சமநிலைக்கு 1; தகுதிகாண் சுற்றுக்களில் இவற்றின் அரைவாசி. ஒரு நாட்டுக் கழகங்களின் மொத்தப் புள்ளிகள் பங்குபற்றிய கழகங்களின் தொகையால் வகுக்கப்பட்டு, ஐந்து பருவங்களின் பெறுமதிகள் கூட்டப்படுகின்றன. சராசரி காண்பதால், அதிக கழகங்களை அனுப்புவதனால் மட்டும் ஒரு நாடு உயர்ந்துவிட இயலாது. இது பாராட்டத்தக்கதே.

குறை வேறிடத்தில் உள்ளது. சிறிய நாட்டின் சம்பியன் யூலை மாதத் தகுதிகாண் சுற்றில் ஈட்டும் வெற்றி பாதியாகவே மதிக்கப்படுகிறது. பெரிய நாட்டின் நான்காமிடக் கழகத்துக்கோ பிரதான கட்டத்தில் நுழைவதற்கே மேலதிகப் புள்ளிகள் கிடைக்கின்றன. தகுதிகாண் சுற்றில் எதிரணிகள் வலிமை குன்றியவை என நியாயங் கூறப்படலாம். ஆயின் மூன்றாந்தரப் போட்டியான கொன்பரன்ஸ் லீக்கின் பிரதான கட்ட வெற்றிக்கும் அதே 2 புள்ளிகளே வழங்கப்படுகின்றன. எனவே அந்நியாயம் நிலைபெறாது. முன்னைய உயர்வே பின்னைய உயர்வுக்கு முதலாகிறது. அளவுகோல் தான் அளக்கும் பொருளைத் தானே வளர்க்கிறது.

முந்திய பருவத்திற் சிறந்து விளங்கிய இரு நாடுகளுக்கு மேலும் ஓரிடம் வீதம் வழங்கும் விதி இதனைத் தெளிவாக்கும். 2023/24இல் இத்தாலியில் ஐந்தாமிடம் பெற்ற பொலோஞா, அப்பருவத்தில் ஐரோப்பியப் போட்டி எதிலும் ஆடாதிருந்தும், பிற இத்தாலியக் கழகங்கள் ஈட்டிய புள்ளிகளால் சம்பியன்ஸ் லீக்கினுட் புகுந்தது. எனினும், அவ்விரு இடங்களைக் கழகங்களின் பழைய பெறுபேற்றுக்கே அளிப்பதென 2021இல் எடுக்கப்பட்ட முடிவு 2022இற் கைவிடப்பட்டமை ஆறுதலளிப்பதாகும்.

1986இல் ருமேனியாவின் ஸ்டேவாவும் 1991இல் யூகோஸ்லாவியாவின் செந்நட்சத்திரமும் கிண்ணத்தை வென்றன. 2005 முதல் 2025 வரையோ ஐந்து நாடுகளின் கழகங்களே வென்றுள்ளன. இதற்குப் பணபலமே முதன்மைக் காரணம். தரவரிசையை மட்டும் பழிப்பது பொருந்தாது. ஆயினும் தகுதிகாண் வெற்றிக்கு முழுப்புள்ளி வழங்குதலும், நுழைவுக்கான மேலதிகப் புள்ளியை நீக்குதலும் விதியை ஆக்குவோரின் கையிலேயே உள்ளன. அவை செய்யப்படும்வரை, திறமையை அளப்பதாகக் கூறும் இவ்வரிசை சலுகையையும் சேர்த்தே அளக்கும்.