ஈரத்துக்கு அசராத பிரேக் ஆயில்

பிரேக் ஆயில் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது உலர் கொதிநிலையைத்தான். 312, 320, 325 என்று ஆளுக்கொரு எண்ணை வைத்துக்கொண்டு பிட் லேனில் வாக்குவாதம் நடக்கும். காஸ்ட்ரால் ரியாக்ட் எஸ்.ஆர்.எஃப். ஊற்றிய என் பழைய போலோவை இந்த சீசன் முழுக்க இருங்காட்டுக்கோட்டைப் பந்தய டிராக்கில் ஓட்டினேன். இப்போது அந்த எண்ணை நான் பொருட்படுத்துவதே இல்லை. எனக்கு வேண்டியது ஈரக் கொதிநிலை, அதாவது தண்ணீர் சேர்ந்த பிறகு ஆயில் கொதிக்கும் வெப்பநிலை. எஸ்.ஆர்.எஃப்.பில் அது 270 டிகிரி செல்சியஸ். இந்த விமர்சனம் முழுக்க அந்த ஒரு எண்ணைப் பற்றித்தான்.

ஆளோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் 160 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரே ஒரு பிரேக்கிங்கில் பிறக்கும் வெப்பம் 3 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க விடப் போதும். ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர் உள்ள டிராக்கில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. பெரும்பகுதி வெப்பம் டிஸ்க்கோடு காற்றில் போய்விடும். மிச்சம் பேட், பிஸ்டன் வழியாகக் காலிபருக்குள் இருக்கும் ஆயிலில் ஏறும். ஆயில் கொதித்தால் ஆவி. ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. பிரேக்கின் உயிரே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

கொதித்ததா இல்லையா என்பதைக் கால் சொல்லிவிடும். பெடல் கல் மாதிரி நிற்கிறது, ஆனால் வண்டி நிற்க மறுக்கிறது என்றால் கோளாறு பேடில். பெடல் தொளதொளவென்று தரையை நோக்கிப் போனால் ஆயில் கொதித்துவிட்டது. பலர் இரண்டையும் 'பிரேக் ஃபேட்' என்று ஒரே மூட்டையில் கட்டி, ஆயில் மாற்ற வேண்டிய இடத்தில் புதுப் பேடுக்குச் செலவு செய்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

பிரேக் ஆயிலின் பெரிய எதிரி தண்ணீர். கிளைக்கால் வகை ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ரிசர்வாயர் மூடி வழியாகவும் வரும், ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் மெல்ல ஊடுருவும். வண்டி ஷெட்டில் சும்மா நின்றாலும் இது நிற்பதில்லை. சென்னைக் காற்றில் வருடம் முழுக்க ஊறிக் கிடக்கும் வண்டிக்கு 'உலர்' என்ற நிலை டப்பாவைத் திறந்த அன்றைக்கு மட்டும்தான்.

ஈரக் கொதிநிலையைச் சோதிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஈரக்காற்று நிரம்பிய கலத்தில் சோதிக்கும் ஆயிலோடு ஒரு ஒப்பீட்டு ஆயிலையும் வைப்பார்கள். ஒப்பீட்டு ஆயில் 3.7 சதவீதம் தண்ணீரைக் குடித்ததும் இரண்டையும் எடுத்து, நம் ஆயிலைக் கொதிக்க வைப்பார்கள். டாட் 4 தரத்துக்கு அதில் 155 டிகிரி வந்தாலே தேர்ச்சி. பந்தயக்காரர்கள் கொண்டாடும் மோட்டுல் ஆர்.பி.எஃப். 600 உலர்நிலையில் 312 காட்டும், ஈரத்தில் 205. அதன் அண்ணன் 660க்கு உலர்நிலையில் 325 என்றாலும் ஈரத்தில் ஏறக்குறைய அதே 205தான். கூடுதலாகக் கொடுத்த காசு ஈரத்தில் எங்கே போனது? எஸ்.ஆர்.எஃப். 320லிருந்து 270க்குத்தான் இறங்குகிறது. இதிலிருக்கும் சிலிக்கான் எஸ்டர் உள்ளே வரும் தண்ணீரோடு வேதிவினை புரிந்து அதைக் கட்டிப்போட்டுவிடுகிறது. அதனால் தண்ணீருக்குத் தனியாக ஆவியாகும் வாய்ப்பு குறைகிறது.

ஓட்டும்போது இது எப்படித் தெரிகிறது? முன்பு ஊற்றிக்கொண்டிருந்த ஒரு சாதாரண டாட் 4இல், செஷனின் கடைசிச் சுற்றுகளில் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். பிரேக் போடும் இடத்தை முன்கூட்டியே இழுத்துவர வேண்டியிருக்கும். எஸ்.ஆர்.எஃப். ஊற்றிய பிறகு, மழைக்காலம் முழுக்க மாற்றாமல் விட்டும், முதல் சுற்றில் பெடல் எங்கே கடித்ததோ கடைசிச் சுற்றிலும் அங்கேயே கடித்தது. அந்த நம்பிக்கை வந்ததும் பிரேக்கைப் பற்றிய யோசனை போய், கவனமெல்லாம் வளைவின் மேல் போனது. சுற்று நேரம் குறைந்ததும் அதனால்தான்.

ஊற்றும் வேலையில் அவசரம் கூடாது. எஸ்.ஆர்.எஃப். மற்ற டாட் 4 ஆயிலோடு கலக்கும், ஆனால் கலந்தால் கொடுத்த காசுக்குப் பலன் இல்லை. பழையதை முழுக்க வெளியேற்ற வேண்டும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான இடப்பக்கப் பின்சக்கரத்தில் தொடங்குவது பழைய வழக்கம். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்திலுள்ள பிளீடர் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, பெடல் தரையைத் தொடும் முன்பே மூட வேண்டும். நிப்பிளில் மாட்டிய ஒளி ஊடுருவும் டியூபில் முதலில் தேநீர் நிறத்தில் பழசு வரும், நடுவே குண்டூசித்தலை அளவில் குமிழ்கள், பிறகு வெளிர் மஞ்சள். பழசும் வெளிர் மஞ்சளாக இருந்துவிட்டால் எது புதுசு என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. ஏ.டி.இ. நிறுவனம் ஒரே ஆயிலை நீலம், மஞ்சள் என இரு நிறங்களில் விற்றது எத்தனை நல்ல யோசனை! டாட் 4 ஆயில் நிறமற்றதாகவோ மஞ்சள் சாயலிலோ மட்டுமே இருக்கலாம் என்ற அமெரிக்க விதியால் அங்கே நீலத்தின் விற்பனை நின்றுபோனது. பாதுகாப்புக்கு உதவிய ஒரு விஷயத்தை விதி தடுத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

"ஈரமே உறிஞ்சாத டாட் 5 சிலிக்கோன் ஆயில் ஊற்றலாமே?" என்று கேட்கிறார்கள். வேண்டாம். அது சூட்டில் அமுங்கி, பெடலைப் பஞ்சாக்கும். உள்ளே வந்த தண்ணீரும் அதில் கலக்காமல் தனியாகத் தேங்கி, 100 டிகிரியை ஒட்டியே கொதிக்கும்.

விலை கசக்கிறது. சாதாரண டாட் 4ஐ விட இது பல மடங்கு. ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்பு ஆயில் மாற்றும் டீம்களுக்கு ஈரக் கொதிநிலை பெரிய பொருட்டில்லை. அவர்களுக்கு ஆர்.பி.எஃப். 600 தாராளம். பைக் ஓட்டுகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். பைக்குக்கு ஆயில் கொஞ்சம்தான் பிடிக்கும், அடிக்கடி மாற்றுவதும் எளிது. அதே காரில் வாரநாளில் அலுவலகம், எப்போதாவது ஒரு ஞாயிறு டிராக் என்று ஓடுகிறவர்கள் எஸ்.ஆர்.எஃப். வாங்குங்கள். சீல் உடைக்காத டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள். ஊற்றியது போக மிச்சமிருப்பதை அடுத்த சீசனுக்கென்று எடுத்து வைக்காதீர்கள்.