திருடனின் கண்ணும் அப்பத்தாவின் கண்ணும்

கண்ணைக் காட்டினால் திறக்கும் பூட்டு என்றால் கதைக்காரர்களுக்குத் தனி ஆசை. 1983இல் வந்த ‘நெவர் சே நெவர் அகெய்ன்’ என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தில், அமெரிக்க அதிபரின் கண்ணோடு பொருந்தும்படி ஒரு விமானப்படை அதிகாரியின் கண்ணில் அறுவை செய்து, அதை வைத்து அணுகுண்டுகளைக் கிளப்பிக்கொண்டு போவார்கள். 1993இல் ‘டெமாலிஷன் மேன்’ படத்தின் வில்லன் சிறை அதிகாரியின் கண்ணைப் பிடுங்கிக் கதவுக்குக் காட்டிவிட்டு வெளியேறுவான். 2000இல் வெளியான டான் பிரவுனின் ‘ஏஞ்சல்ஸ் அண்ட் டீமன்ஸ்’ நாவலில் ஒரு விஞ்ஞானியைக் கொன்று, அவர் கண்ணைத் தோண்டியெடுத்து, ஆய்வகத்துக்குள் பூட்டியிருக்கும் ஆன்டிமேட்டரைத் திருடுகிறார்கள். 2002இல் ஸ்பீல்பெர்க்கின் ‘மைனாரிட்டி ரிப்போர்ட்’ வந்தது. அதில் டாம் குரூஸ் தன் கண்களையே மாற்றிக்கொண்டு, பழைய கண்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு அலைவார். இத்தனைக்கும் 1956இல் ஃபிலிப் கே. டிக் எழுதிய மூலக் கதையில் இந்தக் கண் சமாச்சாரமே கிடையாது. சினிமாதான் சேர்த்துக்கொண்டது.

நான்குமே சுவாரஸ்யமானவை. ஆனால் நான்கும் ஒரே கதைதான். கண் என்பது சாவி, சாவியைத் திருடலாம், ஆகவே கண்ணையும் திருடலாம். யாருக்கு உரிமையில்லையோ அவன் எப்படி உள்ளே போகிறான் என்பதுதான் கேள்வி. நாம் பார்ப்பது எப்போதும் திருடனின் தோளுக்குப் பின்னாலிருந்து.

இந்தக் கற்பனை தவறான பக்கத்தில் நின்று பார்க்கிறது என்பதே என் புகார். மருத்துவப் பிழைகளையோ தொழில்நுட்ப ஓட்டைகளையோ நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கதைக்கு அந்தச் சலுகை உண்டு. கண் பூட்டு உலகத்தில் மிக அதிகமாகப் புழங்கும் இடங்களில் ஒன்று நம் நாடு. இங்கே அந்தப் பூட்டின் முன்னால் நின்ற பெரும்பாலானோர் அணுகுண்டு திருட வந்தவர்கள் இல்லை. தங்களுக்கு உரியதை வாங்க வந்தவர்கள். அவர்களுடைய கேள்வி ஒன்றுதான்: உரிமையுள்ள நான் ஏன் வெளியே நிற்கிறேன்? அந்தக் கதையை ஹாலிவுட் எழுதவில்லை. ஆனால் மதுரையில் அது எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் பூட்டைப் பற்றி. மதுரையிலிருந்து வடக்கே 60 கிலோமீட்டர் போனால் திண்டுக்கல். 1985 வரைக்கும் அதுவும் மதுரை மாவட்டம்தான். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளில் மாங்காய்ப் பூட்டு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கையில் எடுத்தால் கனக்கும். அந்தப் பூட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்கும்: சாவி இருக்கா? நீ யார் என்று கேட்காது. அதனால்தான் ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக முடிகிறது. மாமியார் ஒருநாள் இடுப்பிலிருந்து கொத்துச்சாவியை அவிழ்த்து மருமகளிடம் கொடுத்தால் அந்த வீட்டில் ஆட்சி மாறிவிட்டது என்று அர்த்தம். சாவி தொலைந்தால் ஆசாரியைக் கூப்பிடலாம். சாவி என்பது உரிமை மட்டுமில்லை, அந்த உரிமையை இன்னொருவருக்குக் கைமாற்றும் வழியும்தான்.

கண் பூட்டு இந்தக் கேள்வியையே மாற்றிவிடுகிறது. அது ‘உன்னிடம் என்ன இருக்கிறது’ என்று கேட்பதில்லை, ‘நீ யார்’ என்று கேட்கிறது. பதிலையும் நாம் சொல்ல முடியாது, அதுவே பார்த்துச் சொல்லும்.

எப்படிப் பார்க்கிறது? நம் ஊர்க் கண்கள் பெரும்பாலும் அடர்ந்த பழுப்பு. வெறும் வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. அதனால் இந்தக் கருவிகள் நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை அடித்துப் படம் எடுக்கின்றன. அப்போது கண்மணியைச் சுற்றியுள்ள வளையத்தில், அதாவது ஐரிஸில், இழைகளும் குழிகளும் மேடுகளும் தெரியும். (ரேஷன் கடையில் ‘கருவிழிப் பதிவு’ என்று சொல்வது இதைத்தான்.) கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜான் டாக்மன் உருவாக்கி 1994இல் காப்புரிமை பெற்ற முறைதான் இந்தத் துறைக்கு அடித்தளம். அதில் ஒரு கண் 2048 பிட் ஆகிறது. 0, 1 என்று 2048 இலக்கங்கள், 256 பைட். இரண்டு எஸ்.எம்.எஸ்ஸுக்குள் அடங்கிவிடும் அளவுதான்.

இதில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஒரே கண்ணை இரண்டு முறை படம் எடுத்தால் அந்த 2048 இலக்கங்களும் அப்படியே ஒத்துப்போவதில்லை. இமை கொஞ்சம் இறங்கியிருக்கும், வெளிச்சம் மாறியிருக்கும், கண்மணி விரிந்திருக்கும். வெவ்வேறு ஆட்களின் கண்கள் என்றால், காசு சுண்டிப் போட்ட மாதிரி, கிட்டத்தட்டப் பாதி இலக்கங்கள் வேறுபடும். ஒரே கண் என்றால் அதைவிட மிகக் குறைவாக வேறுபடும். நடுவில் எங்கோ ஒரு கோடு போட வேண்டும். டாக்மனின் கட்டுரைகளில் அடிக்கடி வரும் எண் 0.32. வேறுபாடு அதற்குக் கீழே இருந்தால் அதே ஆள், மேலே இருந்தால் வேறு ஆள்.

நான் பிழைப்புக்கு நிரல் எழுதுகிறவன். இப்படிப்பட்ட எண்களோடுதான் என் பகல் பொழுது போகிறது. கோட்டைக் கீழே இறக்கினால் திருடன் நுழைவது இன்னும் கடினமாகும், ஆனால் சொந்தக்காரர் மாட்டிக்கொள்வார். மேலே ஏற்றினால் சொந்தக்காரர் சுலபமாக நுழைவார், திருடனுக்கும் வாய்ப்பு கூடும். இரண்டு தவறையும் ஒரே சமயத்தில் பூஜ்ஜியமாக்க முடியாது. யாரைப் பார்த்து அதிகம் பயப்படுகிறோம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. நான்கு கதைகளும் திருடனைப் பார்த்தே பயந்தன. அதே பயத்தோடு வளர்ந்த தலைமுறைதான் இன்று கருவிகளை வடிவமைக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கைரேகையைவிடக் கருவிழி எவ்வளவோ மேல். திருமங்கலம் பக்கம் கரிசல் காட்டில் ஐம்பது வருஷம் பருத்தி எடுத்துக் களை வெட்டிய விரலில் ரேகையைத் தேடினால் கிடைக்காது. சூளையில் செங்கல் தூக்கும் கையும் அப்படித்தான். ஐரிஸ் உள்ளே, கண்ணாடி போன்ற படலத்துக்குப் பின்னால், பத்திரமாக இருக்கிறது. உழைத்துத் தேயாது. ஆதாருக்குப் பத்து விரலோடு இரண்டு கண்ணையும் பதிவு செய்தார்கள் என்றால் அதற்கு இது ஒரு நல்ல காரணம். போலி அட்டைகளில் அரிசி போனதும் உண்மை. நான் இந்தக் கருவியை எதிர்க்க வரவில்லை.

ஆனால் மதுரைக்காரர்கள் கண்ணைப் பற்றி இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை இந்த ஊரில்தான் இருக்கிறது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன ஒரு மருத்துவர், அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கக் கற்றுக்கொண்டு, ஏராளமானவர்களுக்குப் பார்வை கொடுத்தார். 1992இல் தொடங்கிய அரோலேப், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இங்கேயே குறைந்த விலையில் செய்தது. சுற்றுவட்டாரத்துக் கிராமங்களில் புரை எடுத்த கண் இல்லாத தெருவே இருக்காது. லென்ஸ் ஐரிஸுக்குப் பின்னால் உட்கார்வதால் வழக்கமாகப் பிரச்சினை இல்லை. ஆனால் அறுவையில் ஐரிஸின் வடிவமோ கண்மணியின் வட்டமோ மாறிவிட்டால், பழைய பதிவோடு பொருந்தாமல் போகலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பார்வை திரும்பிய கண்ணை இயந்திரத்துக்கு அடையாளம் தெரியாமல் போகலாம்.

என் அப்பத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. ஒருமுறை அவரோடு ரேஷன் கடைக்குப் போனேன். விரல் பதியவில்லை. கடைக்காரர் ஐரிஸ் கருவியை எடுத்துக் கொடுத்தார். பைனாகுலர் மாதிரி இருந்த அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு அப்பத்தா கேட்டார்:

“இந்தப் பொட்டி என்னப்பா கேக்குது?”

“நீங்க யாருன்னு கேக்குது ஆத்தா. நல்லா முழிச்சுப் பாருங்க.”

“ஏன், நீ சொல்ல வேண்டியதுதான? ஒனக்குத் தெரியாதா நான் யாருன்னு?”

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்தார். அவருக்கு அப்பத்தாவை இருபது வருஷமாகத் தெரியும். இரண்டாவது முறை இயந்திரம் ஒத்துக்கொண்டது, அரிசி வாங்கிக்கொண்டு வந்தோம். ஆனால் அந்தக் கேள்வி சரியான கேள்வி. தெரிந்தவர் எதிரில் இருக்கும்போது தெரியாத ஒன்றிடம் ஏன் கேட்க வேண்டும்?

இங்கேதான் எனக்குச் சிலப்பதிகாரம் ஞாபகம் வந்தது. நாம் அதைக் கற்பின் கதையாக, ஊழின் கதையாக, நீதியின் கதையாகப் படித்திருக்கிறோம். அது அடையாளம் தவறாகப் பொருந்திய கதையும்தான். அரசியின் சிலம்பு காணாமல் போயிருக்கிறது. கோவலன் கையில் ஒரு சிலம்பு இருக்கிறது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்று. பொற்கொல்லன் ‘பொருந்துகிறது’ என்கிறான். திருடியவனே அவன்தான், அவனே சரிபார்ப்பவனும் ஆகிறான். மன்னன் மறுபரிசீலனை இல்லாமல் உத்தரவு போடுகிறான்.

கொலைக்களக் காதையில் நாம் சாதாரணமாகக் கடந்துவிடும் ஒரு இடம் உண்டு. கோவலனைப் பார்த்ததும் காவலர்கள், இவன் தோற்றத்தைப் பார்த்தால் கொலைக்குரிய ஆளாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். உடனே பொற்கொல்லன் திருடர்களின் தந்திரங்களைப் பற்றி நீண்ட பிரசங்கம் செய்கிறான்: மந்திரம், மருந்து, நிமித்தம், காலம், கருவி என்று. ‘திருடன் எவ்வளவு சாமர்த்தியசாலி தெரியுமா’ என்ற அந்தக் கதைதான் நேரில் பார்த்தவர்களின் கண்ணை மறைத்தது. கடைசியில் குடிபோதையில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். பொற்கொல்லனின் பிரசங்கமும் நான் முதலில் சொன்ன நான்கு படைப்புகளும் ஒரே வகை. திருடனின் திறமையை வியக்க வியக்க, எதிரில் நிற்கும் மனிதனைப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

இந்த ஒப்பீடு மிகையா? 2018இல் ஆதார் ஆணையத்தின் தலைமை நிர்வாகி உச்ச நீதிமன்றத்தில் தந்த கணக்குப்படியே, அரசுச் சேவைகளில் நூற்றுக்கு 12 முறை சரிபார்ப்பு தோற்றது. தோற்றது என்றால் 12 பேர் திருடர்கள் என்று அர்த்தமில்லை. இயந்திரத்துக்குத் தெரியவில்லை என்பதுதான் அர்த்தம். அதற்கு முந்தைய ஆண்டு ஜார்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. பசியால் இறந்தாள் என்று தாய் சொன்னார், அரசு மறுத்தது. அங்கே கண்ணோ விரலோ பொருந்தாமல் போகவில்லை. இணைப்பு இல்லை, அவ்வளவுதான். ஆனாலும் பூட்டு ஒன்றுதான்.

இயந்திரம் சரியாகப் பொருத்தினாலும் கதை முடிவதில்லை. 1985இல் நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் வந்த பச்சைக் கண் ஆப்கன் சிறுமியை நினைவிருக்கும். 2002இல் ஷர்பத் குலா என்று அவரைக் கண்டுபிடித்தபோது, பழைய படத்தின் ஐரிஸையும் புதிய படத்தின் ஐரிஸையும் ஒப்பிட்டு ‘அதே பெண்தான்’ என்று சொன்னவர் டாக்மன். உலகமே கைதட்டியது. அதே பெண்ணை 2016இல் பாகிஸ்தான் போலி அடையாள அட்டை வைத்திருந்ததாகக் கைது செய்து நாடுகடத்தியது. அவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. உள்ளே இருக்க உரிமை உண்டா என்பதை முடிவு செய்தது வேறொருவர். ‘நீ யார்’ என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் ‘உனக்கு என்ன உரிமை’ என்பதற்கும் விடை கிடைத்துவிட்டதாக நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

மீண்டும் மதுரைக்கு வருவோம். கணவன் கொல்லப்பட்ட பிறகு கண்ணகி அரண்மனை வாசலுக்கு வருகிறாள். வாயிற்காவலன் உள்ளே போய்ச் சொல்கிறான். மன்னன் வரச் சொல்கிறான். எதிரே நின்று கேட்கிறான், பதில் சொல்கிறான். அவள் சிலம்புக்குள் மாணிக்கம் என்கிறாள், அவன் தன் அரசியின் சிலம்புக்குள் முத்து என்கிறான். சிலம்பு கொண்டுவரப்படுகிறது, உடைக்கப்படுகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. வெளியே பொருந்தியது உள்ளே பொருந்தவில்லை. தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு பாண்டியன் உயிரை விடுகிறான்.

அந்த மன்னன் மோசமான தவறு செய்தவன். ஆனால் அவனுடைய ஆட்சியில் மூன்று விஷயங்கள் இருந்தன. முறையிட ஒரு வாசல் இருந்தது. இரண்டாவது சோதனைக்கு இடம் இருந்தது. தவறு யாருடையது என்று சொல்ல ஒரு ஆள் இருந்தான். இன்றைய கண் பூட்டுக்கு முன்னால் நின்று இந்த மூன்றையும் தேடிப் பாருங்கள். பொருந்தாததால் யாருக்கும் பலன் மறுக்கப்படக் கூடாது என்று 2018 தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் முதியவர்கள் தங்களுக்குப் பதிலாக ஒருவரை அனுப்பப் படிவம் இருக்கிறது. அந்தப் படிவம் வெறும் தாள் இல்லை, பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்த சாவியை அது திருப்பிக் கொண்டுவருகிறது. ஆனால் திரையில் சிவப்பு எழுத்து வந்த நொடியில், யாரைக் கேட்பது? எந்தக் கோட்டில், யார் வைத்த எண்ணில் தோற்றேன் என்று யார் சொல்வார்கள்?

தமிழில் அறிவியல் புனைவு எழுதும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பிடுங்கிய கண்ணை விட்டுவிடலாம், நாற்பது வருஷமாக அது ஓடிக்கொண்டிருக்கிறது. வரிசையில் நிற்பவரின் பக்கமிருந்து ஒரு கதை எழுதுங்கள். வில்லன் தேவையே இல்லை. கதவின் அந்தப் பக்கம் ஒரு எண்ணும் இந்தப் பக்கம் ஒரு ஆளும் போதும்.

என் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது. யார் நுழைந்தார்கள் என்று பதிவு வைக்கிற நாம், யார் திருப்பி அனுப்பப்பட்டார்கள், அதற்கு யார் பொறுப்பு என்றும் பதிவு வைப்போம். கடைக்காரர் ‘எனக்கு இவரைத் தெரியும்’ என்று தன் பெயரைப் போட்டுத் திறக்கும்படி ஒரு பொத்தான் வைப்போம். அவர் பொய் சொன்னால் பின்னால் பிடித்துக்கொள்ளலாம். அரிசி வாங்காமல் திரும்பிப் போனவரை அப்படிப் பின்னால் பிடிக்க முடியாது.