டயருக்காகச் சேமித்த எடை

அரியலூர்த் தெருக்களில் இருபுறமும் பால் கேன் தொங்க ஓடும் பழைய கறுப்பு ஹெர்குலிஸ், சுமை எதுவும் இல்லாமலே 20 கிலோவைத் தொடும். அதில் ஸ்பிரிங் என்று இருப்பது சீட்டுக்கு அடியில் மட்டும்தான். முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் அமுங்கி எழும் சஸ்பென்ஷன், மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல் இரட்டைக் கிரௌன் ஃபோர்க், சாப்பாட்டுத் தட்டளவு பிரேக் டிஸ்க் என்று இத்தனையும் தாங்கிக்கொண்டு, பாறைமேட்டிலிருந்து பாய்ந்து இறங்கும் டவுன்ஹில் சைக்கிளோ 15, 16 கிலோவில் முடிந்துவிடுகிறது. அதையும் 15க்குக் கீழே இறக்கியே தீருவது என்று சிலர் கிராம் கிராமாகக் கழிக்கிறார்கள். ரோடு சைக்கிள் பந்தயத்தில் 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று சர்வதேச சைக்கிள் சங்கம் 2000ஆம் ஆண்டிலேயே கோடு கிழித்துவிட்டது. டவுன்ஹில்லுக்கு அப்படி ஒரு கோடு இல்லாததால் இந்த ஆசைக்குத் தரை கிடையாது. ஆனால், தராசில் தெரியும் எண்ணை வைத்து இந்த வண்டியை ரசிக்க முடியாது என்பதே என் கட்சி. எங்கே கழித்தார்கள், கழித்ததை எங்கே கொண்டுபோய்ச் செலவிட்டார்கள் என்று பார்க்க வேண்டும். தேர்ந்த கை, வண்டியின் மற்ற இடங்களில் மிச்சம் பிடித்ததை டயரில் கொண்டுபோய்ப் போடும்.

முதலில் வரும் ஆட்சேபம் நியாயமானது: இறங்குவதற்குத்தானே வண்டி, இழுப்பது புவியீர்ப்பு, அப்புறம் எடை குறைத்து என்ன லாபம்? கணக்கும் அந்தப் பக்கமே நிற்கிறது. 75 கிலோ ஆளும் 16 கிலோ வண்டியும் சேர்ந்தால் 91. அதில் ஒரு கிலோவைக் கழித்தால் நூற்றுக்கு ஒன்றுதான் மாறுகிறது. காற்றின் எதிர்ப்பைச் சேர்த்துப் பார்த்தால், நேர்ச்சரிவில் கனமானதுதான் கொஞ்சம் வேகமாகக்கூட ஓடும். முன்னணி ஓட்டுநர்கள் சிலர் அண்மை ஆண்டுகளில் ஃபிரேமின் அடிப்பகுதியில் எடைக்கட்டிகளைப் பொருத்தியே ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே மொத்த எடையைப் பற்றிய ஆட்சேபத்தை அப்படியே ஒப்புக்கொள்ளலாம். அது தொடாத இடம் வேறொன்று. ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் எடையை ஸ்பிரிங் தாங்குகிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் சக்கரம், டயர், டிஸ்க், பின்பக்கப் பல்சக்கரக் கொத்து, ஃபோர்க்கின் கீழ்க்கால் ஆகியவை ஒவ்வொரு கல்லிலும் தாமே எகிறித் தாமே இறங்க வேண்டும். அவை கனமாக இருந்தால் கல்லைத் தாண்டியதும் சக்கரம் சட்டென்று தரைக்குத் திரும்பாது. தரையைத் தொடாத சக்கரத்துக்குப் பிடிப்பும் இல்லை, பிரேக்கும் இல்லை. இதற்கு மேல், சுழலும் எடைக்குத் தனிக் கணக்கு உண்டு: விளிம்பில் இருக்கும் 100 கிராம், வேகம் எடுக்கும்போதும் நிறுத்தும்போதும் ஏறக்குறைய 200 கிராமாக நடந்துகொள்ளும். ஃபிரேமில் இருக்கும் 100 கிராம் வெறும் 100 கிராம்தான்.

இதை ஹோண்டா நிறுவனம் பெரிய அளவில் செய்து காட்டியது. 2004 முதல் 2007 வரை பந்தயத்தில் ஓடிய அதன் ஆர்என்01 வண்டியில், பின்சக்கரத்தோடு தொங்க வேண்டிய கியர் மாற்றும் அமைப்பு முழுவதையும் ஃபிரேமின் நடுவில் ஒரு பெட்டிக்குள் அடைத்துவிட்டார்கள். வண்டி இளைத்துவிடவில்லை, பெட்டியால் எடை கூடத்தான் செய்தது. ஆனால் பின்சக்கரம் விடுதலை ஆயிற்று. தென்னாப்பிரிக்காவின் கிரெக் மின்னார் அதில்தான் 2005 உலகக் கோப்பைத் தொடரை வென்றார். இளைப்பதற்கும் இலகுவாக ஓடுவதற்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. எடை அதிகம் உறுத்தும் இடம் சக்கரத்தின் விளிம்பு என்றால், முதலில் இளைக்க வேண்டியது டயர் அல்லவா? டவுன்ஹில்லுக்கென்று இரட்டைச் சுவர் வைத்துத் தைத்த 29 அங்குல டயர் ஒன்று 1,200 கிராமுக்குக் குறையாது. சாதாரண மலைப்பாதை டயர் 900 கிராமுக்கே கிடைக்கும். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து அரைக்கிலோவுக்கு மேல் ஒரே மாலையில் போய்விடும், செலவும் குறைவு. தராசை நம்புகிறவர்கள் கை வைக்கும் முதல் இடம் இதுவே. ஆஸ்திரியாவின் லியோகாங் மலைச்சரிவில் அமெரிக்கர் ஆரன் குவின் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இறங்கிய விதத்தைப் பார்த்தால் அந்தக் கை தயங்கும். 2014இல் பின்டயர் காற்றிழந்து கழன்றுபோக, வெறும் ரிம்மில் உரசியபடி அடிவாரம் வந்து சேர்ந்தார். அதைச் சாதனை என்று கொண்டாடியவர்கள் உண்டு, ஆனால் பந்தயம் போனது போனதுதான். 2015இல் அதே மலை: புறப்பட்ட இடத்திலேயே செயின் அறுந்தது, ஒரு மிதிகூட உதவாமல் இறங்கி, முதலிடம் பிடித்தார். செயின், பல்சக்கரம், கியர் என்று மிதியிலிருந்து பின்சக்கரம் வரை உள்ள அத்தனையும் ஒருநாள் பயனற்றுப் போனாலும் இந்த வண்டி வெல்லும். டயர் போனால் வெல்லாது. எல்லாப் பந்தயப் பாதையும் லியோகாங் அல்ல, சமதளத்தில் மிதித்தே ஆக வேண்டிய பாதைகள் உண்டு என்று சொல்லலாம். சரிதான், அதற்காகச் செயினைக் கழற்றச் சொல்லவில்லை. எதை இளைக்க வைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது என்ற வரிசையை அந்த இரண்டு ஓட்டங்கள் எழுதிக் கொடுத்துவிட்டன.

வரிசையின்படி கை முதலில் போக வேண்டிய இடம் பின்பக்கப் பல்சக்கரக் கொத்து. மலையேறும் சைக்கிளின் 12 பல்சக்கரம், 52 பல் வரை விரியும் தாம்பாளம், இறங்குகிறவருக்கு எதற்கு? ஸ்ராம் நிறுவனம் 2014இல் டவுன்ஹில்லுக்கென்றே ஏழே பல்சக்கரத்தில், 10 பல்லிலிருந்து 24 பல் வரை மட்டும் வைத்து ஒரு கொத்தை இறக்கியது. எடை போனது சக்கரத்தின் நடுவிலிருந்து, அதாவது ஸ்பிரிங்குக்குக் கீழே இருந்து. போனதால் யாருக்கும் நஷ்டமில்லை. அடுத்தது பின் ஷாக்கின் சுருள். எஃகுக்குப் பதில் டைட்டானியம் போட்டால் நடத்தை மாறாமல் எடை குறையும். காற்று ஷாக் போட்டால் இன்னும் குறையும், ஆனால் நீண்ட இறக்கத்தில் சூடேறும்போது காற்று தன் குணத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும், அதன் ரப்பர் அடைப்புகளின் உரசலும் சின்னக் கற்களில் தெரியும். சுருள் என்பதே என் ஓட்டு. கார்பன் ஹேண்டில்பார் 100 கிராம் மிச்சம் தரும், அதிர்வையும் கொஞ்சம் விழுங்கும். அதுவும் சரி. கார்பன் ரிம்மில்தான் எனக்குச் சந்தேகம்: அலுமினிய ரிம் நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம், கார்பன் பிளந்தால் பிளந்ததுதான். வானவில் நிறத்தில் பளபளக்கும் டைட்டானியம் போல்ட்டுகள் நகைக்கடைச் சமாச்சாரம். வாங்குகிறவர் மகிழட்டும், வண்டிக்கு அது தெரியாது.

கடையில் வாங்கிய உறுப்புகளைக் கடையில் வாங்கிய ஃபிரேமில் மாட்டுவதில் கலை எங்கே, பணம்தானே பேசுகிறது என்பது இன்னொரு ஆட்சேபம். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரை நினைத்துப் பார்க்கலாம். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த ஊர் மரச்சிற்பிகள் வாகையையும் மாவையும் வேம்பையும் தாம் உண்டாக்கவில்லை. பச்சைமலை தந்ததை வாங்கிச் செதுக்குகிறார்கள். ஒற்றைக் கட்டையிலிருந்து மரத்தை எடுத்துக்கொண்டே போவதுதான் வேலை, ஆனால் தூக்கிய கையின் மணிக்கட்டில் எவ்வளவு விட்டுவைப்பது என்பதில்தான் சிற்பி தெரிவார். விலைப்பட்டியலில் மிக இலகுவானதை எல்லாம் வரிசையாக வாங்கிப் பூட்டிய வண்டியையும், அலுமினிய ஃபிரேமை வைத்துக்கொண்டே பல்சக்கரத்தில் கழித்து டயரில் சேர்த்த வண்டியையும் அடுத்தடுத்து நிறுத்தினால் அதே வேறுபாடு கண்ணில் படும். முதலாவதற்குச் செலவு அதிகம், இரண்டாவதற்கு யோசனை அதிகம்.

இந்த வாதத்தைப் பச்சைமலைக்குக் கொண்டுவந்தால் தராசுக்காரர் கடைசியாக ஒரு சீட்டை இறக்குவார்: லியோகாங்கில் மேலே கொண்டுபோக கேபிள் கார் இருக்கிறது, இங்கே தள்ளிக்கொண்டுதானே ஏற வேண்டும்? தள்ளலாம், அல்லது குட்டி யானையில் ஏற்றிப் போகலாம். தள்ளினாலும் அதே 91 கிலோ கணக்குதான்; முதுகில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரும் ஒரு கிலோதான், அதைக் குறைக்கச் சொல்லி யாரும் வாதாடுவதில்லை. மாறாக, இந்த மண் டயரின் பக்கமே பேசுகிறது. மேட்டில் கூரிய பாறை, அடிவாரத்தில் சீமைக்கருவேல முள். டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் ஓட்டை அடைக்கும் பால் சித்திரை வெயிலில் சீக்கிரம் காய்ந்துபோகும், அடிக்கடி ஊற்ற வேண்டும். காலை 28 டிகிரியில் 25 பிஎஸ்ஐ அடித்த காற்று, டயர் 45 டிகிரிக்குச் சூடேறும்போது 27ஐத் தாண்டும். அந்த ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் வைத்துக் காற்றடிக்க வேண்டும்; பாறையையும் முள்ளையும் தாங்க மெல்லிய சுவரால் ஆகாது. ஆகவே இந்த வட்டாரத்துக்கு வண்டி கட்டுகிறவருக்கு என் சிபாரிசு: அலுமினிய ஃபிரேம், சுருள் ஷாக், ஏழு பல்சக்கரம், அலுமினிய ரிம், இரட்டைச் சுவர் டயர், பின்டயருக்குள் மட்டும் ரிம்மைக் காக்கக் கால் கிலோ நுரை வளையம். 16 கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும். இன்னும் குறைத்தே ஆக வேண்டும் என்று கை பரபரத்தால், ஹேண்டில்பாரை மாற்றிக்கொள்ளலாம்.